மாடி ஜங்ஷனில் ஒரு ஷார்ட் சர்க்யூட்

ஒரே ஒரு ஊரில் இரண்டே இரண்டு ஜங்ஷன் இருந்ததாம். முதலாவது ஊர் அறிந்தது. சேலத்துக்கு ஒரு பக்கம், திருச்சிக்கு ஒரு பக்கம், கடலூருக்கு ஒரு பக்கம் என்று தண்டவாளம் பிரிகிற விருத்தாசலம் ஜங்ஷன். இரண்டாவது, அங்கிருந்து நாலு தெரு தள்ளி, ஒரு வீட்டு மாடி அறையில், எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை மேல் இருந்தது. முதலாவதில் எந்நேரமும் கூட்டம். இரண்டாவதில் எந்நேரமும் பழமலைநாதன் மட்டும்.

பழமலைநாதன் பீங்கான் கம்பெனியில் சூளைப் பிரிவு எலக்ட்ரீஷியனாக முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். ஆயிரத்து இருநூறு டிகிரி சூளையைக் கட்டி மேய்த்த மனிதர், ஓய்வு பெற்ற பிறகு விரல் நீளப் பொம்மை ரயில் ஒன்றைக் கட்டி மேய்த்தார். ரயில் ஓட ஒரு பெட்டியிலிருந்து கரண்ட். ஸ்டேஷன் விளக்கு, சிக்னல், ரயில்வே கேட்டு, தெருக்கம்பம், டீக்கடை பல்பு, இதற்கெல்லாம் தனியாகப் பன்னிரண்டு வோல்ட் சப்ளை. இரண்டையும் ஒன்றாக மாட்டினால் டீக்கடை பல்பு எரியும்போதெல்லாம் எக்ஸ்பிரஸ் நொண்டும். இந்த ரகசியத்தை அவர் யாரிடமாவது சொல்லத் துடித்தார். கேட்கத்தான் ஆள் இல்லை.

அதற்காகப் பேச்சுத் துணையே இல்லை என்று சொல்ல முடியாது. லோன் வேண்டுமா என்று போனில் கேட்கும் பெண்பிள்ளைகளிடம், "வேணாம்மா, நீ எந்த ஊரு?" என்று ஆரம்பித்து ஐந்து நிமிஷம் பேசுவார். கடைசியில் அவர்களே வைத்துவிடுவார்கள். அப்புறம் பிளாட்பாரத்துப் பயணிகள். பொம்மைப் பட்டறையில் கழித்துப்போட்ட பீங்கான் பொம்மைகள் பன்னிரண்டு. ஒருத்திக்கு மூக்கில்லை, ஒருத்தருக்குக் கையில்லை, எல்லோருமே ரயிலை விட உயரம். "வண்டி பத்து நிமிஷம் லேட்டும்மா" என்று அவர்களிடம் சொல்வார். ஒருத்தரும் கோபித்துக்கொண்டதில்லை.

ஆக, வீட்டில் உயிரோடு பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் மனைவி பானுமதி. அவளும் ஒரு நாள், திருவனந்தபுரத்தில் இருக்கும் மகளோடு போனில் பேசிவிட்டு வந்து, புடவை மடித்துக்கொண்டே குண்டைப் போட்டாள்.

"கயலுக்கு லீவு முடியுதுங்க. அடுத்த வெள்ளிக்கெழம நான் திருவனந்தபுரம் கெளம்புறேன். மூணு மாசம்."

"மூணு மாசமா?"

"பின்ன மூணு நாளா? வெண்பாவுக்கு இப்பதான் ஏழு மாசம். பெத்தவ ஆபீசு போவாளா, புள்ளையப் பாப்பாளா?"

"ஞாயந்தான். போயிட்டு வா."

"நீங்க என்னா பண்ணப் போறீங்க?"

"எனக்கென்னா? மாடில வேலை தலைக்கு மேல கெடக்குது. அந்தப் பன்னெண்டு வோல்ட்டு சப்ளையே இன்னும் முடியல."

"ஓ" என்றாள் பானுமதி. மடித்த புடவையை உதறி மறுபடியும் மடித்தாள்.

பழமலைநாதன் மாடிக்குப் போய் உட்கார்ந்தார். மூணு மாசம். தொண்ணூறு நாள். தொண்ணூறு காலைக் காபியும் ஒண்டியாக. சமையல்கட்டில் பாத்திரம் விழும் சத்தம்கூட அவரே தள்ளிவிட்டால்தான் கேட்கும். அந்த இடத்திலேயே சபதம் எடுத்தார்: இவள் போகக் கூடாது!

'போவாதே' என்று சொன்னால் முடிந்தது கதை. ஆனால் முப்பத்துநாலு வருஷத் தாம்பத்தியத்தில் பழமலைநாதன் எதையும் நேராகக் கேட்டதே கிடையாது. இன்னொரு கரண்டி ரசம் வேண்டும் என்றால்கூடத் தட்டைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டு பொதுவாக இருமுவார். அப்படிப்பட்டவர் எப்படிச் சொல்வார்?

இரண்டு நாள் யோசித்ததில் திட்டம் பிறந்தது. இந்த மனுஷனை ஒண்டியாக விட்டால் வீட்டையே கொளுத்திவிடுவான் என்று பானுமதி நம்ப வேண்டும். அதற்கு அவள் கண் முன்னால் ஒரு ஷார்ட் சர்க்யூட் நடக்க வேண்டும்.

இங்கேதான் சங்கடம். நிஜமான ஷார்ட் சர்க்யூட் செய்ய அவருக்குக் கை வரவில்லை. சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் இரண்டு தடவை பக்கத்தில் கொண்டுபோனார். இரண்டு தடவையும் பிரித்துத் தள்ளி வைத்தார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் கையால் பியூஸ் போனது கிடையாது. கடைசியில் பலகைக்கு அடியில் ஒரு ரகசிய ஸ்விட்ச் வைத்தார். முழங்காலால் அழுத்தினால் விளக்குகள் வரிசையாக அணையும். அந்த ஸ்விட்ச்சுக்கும் ஒரு பியூஸ். ஒயர்களைக் கிளிப் போட்டு ஒழுங்காகக் கட்டினார். ஒவ்வொரு ஒயருக்கும் பெயர் எழுதிய காகிதச் சீட்டு ஒட்டினார். அது கை தானாகச் செய்கிற வேலை. தலைக்குத் தகவல் போவதில்லை. புகைக்கு என்ன செய்வது? பூஜை அலமாரியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் சாம்பிராணியை எடுத்துக் கொட்டாங்குச்சியில் வைத்துப் பலகைக்கு அடியில் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் திறப்பு விழா. சாட்சி ஒருத்தர் இருக்கட்டும் என்று பக்கத்து வீட்டு செல்வநாயகியையும் கூப்பிட்டார். செல்வநாயகி பார்த்தால் மூன்று தெரு பார்த்த மாதிரி.

"என்னாண்ணே, ரயிலு வுடறீங்களாமே? ஊருல எல்லாரும் வாயால வுடறாங்க, நீங்க கரண்ட்டுல வுடறீங்க" என்று சிரித்துக்கொண்டே மாடியேறினாள் செல்வநாயகி. பின்னால் பானுமதி, முந்தானையில் கை துடைத்தபடி. இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

சப்ளை போட்டார். ஸ்டேஷன் விளக்கு எரிந்தது. சிக்னல் பச்சை காட்டியது. கேட்டு இறங்கியது. டீக்கடையில் கடுகு அளவு பல்பு மினுக்கியது.

"ஐயோ, அழகா இருக்குதுண்ணே!" என்றாள் செல்வநாயகி, நிஜமாகவே.

மூன்று வருஷத்தில் அந்த அறையில் விழுந்த முதல் பாராட்டு. பழமலைநாதன் கேட்டை இன்னொரு தடவை ஏற்றி இறக்கிக் காட்டினார். திட்டத்தை விட்டுவிட்டு, டீக்கடை பல்புக்கும் எக்ஸ்பிரஸ்ஸுக்கும் உள்ள உறவை விளக்கலாமா என்று ஒரு கணம் ஆசை வந்தது. அடக்கிக்கொண்டு, எதையோ சரிசெய்வது போலக் குனிந்து சாம்பிராணியைப் பற்றவைத்துவிட்டு, முழங்காலால் ஸ்விட்ச்சை அழுத்தினார்.

டீக்கடை அணைந்தது. தெருக்கம்பம் அணைந்தது. ஸ்டேஷன் அணைந்தது. பலகைக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை நிதானமாக எழுந்தது.

"ஐயையோ! ஷார்ட்டு! ஷார்ட்டு!" என்று கத்தினார். "ஒயர மாத்திக் குடுத்துட்டன் போலக்குதே! வயசாயிடிச்சு, கண்ணு தெரியல, கை நிக்கல! ஒண்டி ஆளா இருந்திருந்தா வூடே போயிருக்குமே!"

எழுந்து நின்ற செல்வநாயகி காற்றை மோந்து பார்த்தாள். "என்னாண்ணே, ஒயரு எரிஞ்சா நாத்தம் அடிக்கும்பாங்க. இது வெள்ளிக்கெழம மாதிரி மணக்குது?"

"புது மாடல் ஒயரு. ஹெர்பல்."

"ஹெர்பலா?"

"மேல சுத்தியிருக்கறது. மூலிக."

"எங்க வூட்டுக்கும் அதுலயே ஒயரிங் பண்ணிக் குடுங்கண்ணே. கொசு வராது."

பானுமதி குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்தபோது முகம் வெளுத்திருந்தது. அல்லது, வெளுத்த மாதிரி பழமலைநாதனுக்குத் தெரிந்தது.

"நாயகி, இவர நம்பி வூட்ட வுட்டுட்டுப் போக முடியுமா, சொல்லு."

"முடியாது அண்ணி."

"நான் போவல" என்றாள் பானுமதி. அங்கேயே போனை எடுத்தாள். "கயலு, அம்மா வரல கண்ணு. அப்பாவ ஒண்டியா வுட முடியாது போலக்குது. வெவரம் அப்பறம் சொல்றேன்."

போனுக்குள் குழந்தை வெண்பா எதையோ தட்டிக்கொண்டு கத்துவது கேட்டது. பழமலைநாதனுக்குச் சுருக்கென்றது. ஆனால் ஜெயித்த மனுஷன் சுருக்கென்பதையெல்லாம் பார்த்தால் ஆகுமா? செல்வநாயகிக்கு இரண்டு முறுக்கு கூடுதலாகக் கொடுத்து அனுப்பினார்.

இந்த இடத்தில் பானுமதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் கம்மாபுரம் பக்கம் முப்பது வருஷம் அங்கன்வாடி டீச்சர். போன வருஷம்தான் ஓய்வு. மூணு வயசுப் பிள்ளை வயிற்று வலி என்று நடித்தால், பொய் சொல்கிறாய் என்று அவள் திட்டியதே இல்லை. "அப்படியா சாமி, ரொம்ப வலிக்குதா, படுத்துக்க" என்று பாய் விரித்துக் கொடுப்பாள். சத்துமாவு உருண்டை எல்லாருக்கும் போகும். பாயைத் தாண்டிப் போகும். அரை மணியில் வலி தானாக எழுந்து வரிசையில் நிற்கும். அது அவள் தொழில்.

திங்கட்கிழமை காலையில் பானுமதி, "தோள்பட்ட புடிச்சிக்கிச்சுங்க" என்றாள்.

"நீ உக்காரு. நான் பாத்துக்கறேன்" என்றார் பழமலைநாதன். போகாமல் இருந்துவிட்டாளே, அந்த நன்றி. காபி போட்டார். முதல் டம்ளர் கழுநீர். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதை அவள் முழுசாகக் குடித்தாள்.

செவ்வாய்க்கிழமை கத்தரிக்காய்க் குழம்பு. பானுமதி சமையல்கட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கட்டளை இட்டாள்.

"புளிய ஊறவெச்சீங்களா?"

"வெச்சாச்சு."

"எண்ண காஞ்சிதா?"

"காஞ்சிது."

"கடுகு வெடிக்கட்டும். ம்ம்... இப்ப வெங்காயம். அவசரப்படாதீங்க, அது ஒங்க சூள இல்ல."

புதன்கிழமை வாஷிங் மெஷின். எந்தத் துணி எதோடு சேராது என்று அவருக்கே ஒரு சித்தாந்தம் உருவானது. அன்றைக்கே கேஸ் புக் பண்ணினார். தண்ணி மோட்டார் போட்டார். மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொண்டார். கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்தார். "எப்பிடிங்க கேஸ் புக் பண்ணீங்க, எனக்கும் காட்டுங்க" என்று பானுமதி கேட்க, பெருமையோடு காட்டினார். வீடு முழுக்க அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கல்யாணமான புதிதில்கூட அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் இன்னொரு அதிசயம். கூப்பிடாமலே பானுமதி மாடியேறி வந்தாள். நாற்காலியைப் பலகைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சப்ளைய ரிப்பேர் பண்ணிட்டீங்களா?"

"ஆங்... பண்ணிட்டேன், பண்ணிட்டேன்."

"ஓட்டுங்க, பாப்பம்."

வண்டி புறப்பட்டது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. கேட்டு இறங்கும், ஏறும். சிக்னல் சிவக்கும், பச்சையாகும். பானுமதி அந்த மூக்கில்லாத பொம்மையை எடுத்துப் பார்த்தாள்.

"இவங்கல்லாம் எங்க போறாங்க?"

"எங்கயும் போவல. வண்டி சுத்திச் சுத்தி இங்கதான வரும்."

"யாராச்சும் ஒருத்தரு, நானும் வரேன்னு வாயத் தொறந்து கேட்டா ஏத்திக்குவீங்களா?"

பழமலைநாதன் கேள்வியை ஆழ்ந்து யோசித்தார். இத்தனை வருஷத்தில் அவள் கேட்ட முதல் ரயில் கேள்வி. சரியான பதில் சொல்ல வேண்டாமா?

"முடியாது பானு. ஸ்கேல் ஒத்து வராது. பொட்டிய வுட இவங்க ஒசரம்."

பானுமதி அவரையே பார்த்தாள். பொம்மையைப் பழைய இடத்திலேயே நிறுத்திவைத்தாள். "அதுவும் சரிதான்" என்றாள். கீழே இறங்கிப் போனாள். போகும்போது போனை எடுத்து எதையோ தட்டிக்கொண்டே போனாள். தோள்பட்டை அவளுக்கு வலித்த மாதிரியே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை காபி டம்ளரோடு கூடத்துக்கு வந்த பழமலைநாதன், கட்டிவைத்த இரண்டு பைகளில் கால் தடுக்கி நின்றார்.

"என்னா இது?"

"பன்னெண்டே முக்கா வண்டிங்க. பையத் தூக்கியாந்து ஏத்தி வுடுங்க."

"நீதான் போவலன்னியே? என்ன ஒண்டியா வுட முடியாதுன்னு..."

"நாலு நாளு பாத்தேனே. காபி போடறீங்க, கொழம்பு வெக்கறீங்க, தொவைக்கறீங்க. ஒங்களுக்கென்னா கொற? மூணு மாசம் இல்ல, முப்பது மாசம் இருப்பீங்க."

"அந்த ஷார்ட் சர்க்யூட்டு? மறுபடியும் ஆச்சின்னா?"

பானுமதி அவர் கையிலிருந்த காபியை வாங்கி ஒரு மடக்கு குடித்தாள். நன்றாக இருந்தது போல. இன்னொரு மடக்கும் குடித்தாள்.

"பலகைக்கு அடியில குனிஞ்சி பாத்தேன். ஒயரு ஒயரா சீட்டு ஒட்டியிருந்துது. ஸ்டேஷன், சிக்னலு, கேட்டு, டீக்கடை. கடைசில ஒரு ஸ்விட்ச்சு. அதுலயும் ஒரு சீட்டு. குண்டு குண்டா ஒங்க கையெழுத்துல."

"என்னா எழுதியிருந்துது?"

"'பொய் ஷார்ட்.'"

பழமலைநாதன் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த பையை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

"கயலுக்கு அன்னிக்கு ராவே மறுபடி போன் பண்ணி வெவரம் சொல்லிட்டேன். அது சிரிச்சிது" என்றாள் பானுமதி. அவள் சிரிக்கவில்லை.

இருவரும் ஆட்டோவில் ஜங்ஷனுக்குப் புறப்பட்டார்கள். பைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் வெளியே பார்த்தார். அவள் மறுபக்கத் தெருவைப் பார்த்தாள். வண்டி நேரத்துக்கு வந்தது. இரண்டு நிமிஷம்தான் நிற்கும். பெட்டியைத் தேடி ஓடி, பைகளை மேலே தள்ளி, அவளை ஏற்றிவிட்டுக் கீழே இறங்கி ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. உள்ளே பானுமதி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தலையில் குல்லாய் போட்ட ஒரு பெரியவர் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பழமலைநாதனுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. முப்பத்துநாலு வருஷமாக வராத தைரியம். நேராகக் கேட்டேவிட்டார்.

"பானு, நானும் வரட்டுமா?"

பானுமதியின் கண் ஒரு தரம் இமைத்தது. பதில் வருவதற்குள் புளிசாதக்காரர் குறுக்கே விழுந்தார்.

"டிக்கெட்டு இல்லாம எப்பிடி சார் வருவீங்க? பயங்கரக் கூட்டம். நானே நேத்து மத்தியானம் வரைக்கும் வெயிட்டிங் லிஸ்ட்டுல மொத ஆளாக் கெடந்தேன். ராத்திரி பாத்தா கன்பார்ம்னு வருது. யாரோ ஒரு புண்ணியவான் கேன்சல் பண்ணியிருக்காரு."

"நான்தாங்க கேன்சல் பண்ணேன்" என்றாள் பானுமதி, அவரிடம்தான். பார்வை மட்டும் ஜன்னலுக்கு வெளியே. "ரெண்டு டிக்கெட்டு போட்டு வெச்சிருந்தேன். நானும் வரேன்னு ஒருத்தரு வாயத் தொறந்து சொல்லுவாருன்னு நேத்து சாயங்காலம் வரைக்கும் பாத்தேன். ஒங்களுக்கு எடம் கெடச்சிது ஒங்க அதிர்ஷ்டம்."

"அப்ப அந்தப் புண்ணியவான்?"

"இதோ கம்பியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு பாருங்க, இவருதான்."

பெரியவர் புளிசாதக் கையை இலையிலேயே விட்டுவிட்டு, இடது கையை நெஞ்சில் வைத்துப் பழமலைநாதனைப் பார்த்துக் குனிந்தார்.

"நீங்க நல்லா இருக்கணும் சார்" என்றார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்து வரல."

வண்டி நகர்ந்தது. பழமலைநாதன் கம்பியை விட்டுத் தள்ளி நின்றார். வழியனுப்ப வந்தவர்கள் கை காட்டி முடித்துக் கலைந்தார்கள். டீ விற்கிறவர் கேனைத் தூக்கிக்கொண்டு அடுத்த பிளாட்பாரத்துக்குப் படியேறினார். கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்த பிறகு, பிளாட்பாரத்தில் மிச்சமிருந்த அந்த ஒருத்தரும் மெல்லத் திரும்பி, வெளிவாசல் பக்கம் நடந்து போனார்.